இசை கேட்கச் சென்றவர்கள்



2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு பாரிஸ் மாநகரம் தாக்கப்பட்ட வேளையில் நமது நாட்டில் சனிக்கிழமை அதிகாலை. பொழுது புலரும் முன்னரே கடல்கடந்து தொலைபேசியில் தொடர்புகொள்ள முயன்று தவித்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்திருப்போர், உணவகச் சமையலறைகளில் நள்ளிரவு வரை நிற்போர், கடைசி ரயிலில் வீடு திரும்புவோர் என நமது உறவுகள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. அன்று அவ்வீடுகளில் எழுந்த முதற் கேள்வி, பிள்ளை இந்நேரம் எங்கே நிற்கிறான் என்பதே.

அந்தக் கேள்வி அன்பிலிருந்து பிறப்பது. ஆயினும் அதே கேள்வி, உயிரோடிருப்பவரைப் பற்றியன்றி இறந்துபோனவரைப் பற்றிக் கேட்கப்படும்போது அதன் தொனி மாறிவிடுகிறது. அந்நேரத்தில் அவன் அங்கே ஏன் நின்றான்? நல்ல பிள்ளையாயின் அப்படியான இடத்துக்குப் போவானா? இவ்வாறு நாம் கேட்பதுண்டு. செத்த வீட்டின் பந்தலுக்குள்ளேயே, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியும், பாரிஸில் அதனைக் கேளாமல் வேறு கேள்விகளைக் கேட்ட இரு தந்தையரைப் பற்றியும் இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அந்த இரவில் அதிகமானோர் உயிரிழந்த இடம் பட்டாக்லான் எனும் மண்டபம். வோல்ட்டயர் பெருவீதியில் 50ஆம் இலக்கக் கட்டடம். 1864இல் சீனக் கோபுரத்தின் சாயலில் கட்டப்பட்டது. ஒஃபன்பாக் எனும் இசையமைப்பாளர் 1855இல் அரங்கேற்றிய ஒரு நகைச்சுவை இசைநாடகத்தின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. நாடக மேடையாகவும், நடனக் கூடமாகவும், சில பத்தாண்டுகள் திரைப்பட மாளிகையாகவும் இருந்து, பிற்காலத்தில் ரொக் இசைக் கச்சேரிகளுக்குப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 1500 பேர் கூடக்கூடிய இடம். அன்றிரவு அது நிறைந்திருந்தது. மேடையில் நின்றது ஈகிள்ஸ் ஒஃப் டெத் மெட்டல் என்ற அமெரிக்க இசைக்குழு. பெயரைக் கேட்டால் நமது பெரியவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளக்கூடும். உண்மையில் அப்பெயர் ஒரு பகிடி. அவர்கள் பாடுவது ஆட்டத்துக்குரிய சாதாரண ரொக் இசையே.

இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர் மூன்று இளைஞர்கள் தானியங்கித் துப்பாக்கிகளுடன் உட்புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுடத் தொடங்கினர். மூவரும் பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். சிரியாவுக்குச் சென்று இஸ்லாமிய அரசு எனத் தன்னை அழைத்துக்கொண்ட இயக்கத்தில் இணைந்து, கொல்வதற்காகவே திரும்பி வந்தவர்கள். சில நிமிடங்களில் ஒரு பொலிஸ் அதிகாரி, தமது வாகனச் சாரதியாகிய மற்றொரு பொலிஸாருடன், கைத்துப்பாக்கி மாத்திரம் ஏந்தியவராக உள்ளே சென்று மூவரில் ஒருவனைச் சுட்டார். அவன் அணிந்திருந்த வெடிகுண்டு அங்கி மேடையிலேயே வெடித்தது. ஏனைய இருவரும் மேல்மாடியின் ஒடுங்கிய நடைவழி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பணயமாகப் பிடித்து வைத்திருந்தனர். நள்ளிரவு கடந்து விசேட பொலிஸ் பிரிவினர் அங்கே புகுந்தபோது அவ்விருவரும் மடிந்தனர். பணயக் கைதிகள் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆனால் கீழே மண்டபத்தில் 90 பேர் பலியாகியிருந்தனர்.

அதே இரவில் சாந்தெனி விளையாட்டரங்கின் வாயிலிலும், நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள கோப்பிக்கடைகளிலும் உணவகங்களிலும் வேறு குழுக்கள் தாக்கின. மொத்தமாக 130 பேர் உயிரிழந்தனர். காயமடைந்தோர் 400 பேருக்கும் மேல்.

பட்டாக்லானின் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்தவர் அல்ஜீரியாவில் பிறந்த ஒரு மனிதர். முதல் வேட்டுச் சத்தம் கேட்டதும் வெளியே ஓடிவிடாமல் உள்ளே சென்று, அவசர வழிக் கதவுகளைத் திறந்து, பெருந்தொகையானோரைப் பக்கத்து ஒழுங்கைக்குள் வெளியேற்றினார். அதுவரை பிரெஞ்சுக் குடியுரிமை பெறாதிருந்த அவருக்கு 2016இல் அந்நாடு குடியுரிமை வழங்கிக் கௌரவித்தது. கொல்ல வந்தோரும் காப்பாற்றியவரும் குடிபெயர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் வழிவந்தவர்களே. ஒரு சமூகத்தை முழுமையாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் துடிக்கும் நாவுகளுக்கு அந்த ஒழுங்கையின் கதவு ஒன்றே விடை.

கதவு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அக்கதவுகளில் ஒன்றின்மேல் 2018ஆம் ஆண்டு பாங்ஸி எனும் பெயர்பெற்ற சுவரோவியர் துயருற்ற ஓர் உருவத்தை வரைந்தார். 2019 ஜனவரியில் கதவையே அறுத்தெடுத்துத் திருடிச் சென்றனர். 2020இல் இத்தாலியில் ஒரு பண்ணை வீட்டில் அது கண்டெடுக்கப்பட்டது. துக்கத்திலும் விலை பேசும் மனிதர் எங்கும் உளர்.

முதன்முதலில் மண்டபத்துக்குள் சென்ற மீட்புப் பணியாளர் பலர், பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. அங்கே நிலவிய பேரமைதியில், தரையில் கிடந்தோரின் சட்டைப் பைகளிலும் கைப்பைகளிலும் கைத்தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தன என்பதே அது. தொடுதிரைகளில் அம்மா என்றும் அப்பா என்றும் ஒளிர்ந்தன. எங்கே நிற்கிறாய் என்று கேட்க நகரம் முழுவதிலுமிருந்து வந்த அழைப்புகள் அவை.

அன்பர்களே, அந்த மணியோசை அடங்கிச் சில நாட்களுக்குள்ளேயே இரண்டாவது கேள்வியும் எழுந்துவிட்டது. அதனை எழுப்பியவர் நமது திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் என்பதை மறைக்காமல் சொல்வது நல்லது. லியோன் நகரின் ஃபூர்வியேர் மாதா பேராலயத்தில் பணியாற்றிய ஒரு குருவானவர் அதே மாதத்தில் கட்டுரை ஒன்றை எழுதினார். துப்பாக்கிதாரிகள் உள்ளே நுழைந்த நேரத்தில் மேடையில் ஒலித்துக்கொண்டிருந்தது பேயைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பாடல். அவர் அதனைச் சுட்டிக்காட்டி, அங்கே ஆடிக்கொண்டிருந்தோரையும் அவர்களைச் சுட்டோரையும் ஒட்டிப்பிறந்த இரட்டையர் என்பதுபோல் ஒப்பிட்டார். மகனையோ மகளையோ இன்னும் அடக்கம் செய்யாத பெற்றோர் அதனை வாசிக்க நேர்ந்தது. அப்போது லியோன் பேராயராக இருந்த கர்தினால் பிலிப் பார்பரன் தாமதிக்கவில்லை. அக்குருவானவரைப் பேராலயப் பணியிலிருந்து நீக்கி, ஒரு துறவு மடத்துக்குச் சென்று செபத்தில் இருக்கும்படி பணித்தார்.

அக்குருவானவரைப் பழிப்பது இலகு. அவர் எழுதியதை நாம் எழுதுவதில்லை, பேசுகிறோம், அவ்வளவே வேறுபாடு. இரவு விடுதி, நடனம், மதுபானம் என்ற சொற்கள் ஒரு மரணச் செய்தியில் வந்துவிட்டால் நமது இரக்கம் ஓரளவு குறைந்துவிடுகிறது. பிள்ளைகள் இரவில் எங்கே போகிறார்கள் எனக் கவலைப்படுவது பெற்றோரின் கடமை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் கவலை வேறு, தீர்ப்பு வேறு. கவலை பிள்ளை உயிரோடு இருக்கும்போது சொல்லப்படுவது.

இந்தத் தீர்ப்பு மனப்பான்மை புதியதன்று. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி அங்கே பேசப்படுகிறது. எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிட அவர்கள் பெரும் பாவிகளாக இருந்திருக்க வேண்டும் என்பது அன்றைய பொதுக் கருத்து. ஆண்டவர் அதனை ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறார். மறுத்த கையோடு இறந்தோரைப் பற்றிய பேச்சை நிறுத்தி, கேட்டுக்கொண்டிருப்போரின் பக்கம் திரும்பிவிடுகிறார். அந்தப் பதினெட்டுப் பேர் கோபுரத்தடியில் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதை நற்செய்தியாளர் சொல்லவே இல்லை. அவர்கள் செபித்துக்கொண்டிருந்தனரா, சூதாடிக்கொண்டிருந்தனரா, கல் சுமந்துகொண்டிருந்தனரா? நமக்குத் தெரியாது.

நமக்கும் இதில் ஒரு பாடுண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அதே காலையில் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்தன. ஆலயத்தில் இறந்தோரைப் பார்த்து அங்கே ஏன் போனாய் என்று எவரும் கேட்கவில்லை. 2025இல் அவர்களுள் 167 கத்தோலிக்கரின் பெயர்களைத் திருப்பீடம் நம்பிக்கையின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அது மிகவும் தகுதியானதே. ஆனால் காலையுணவு மேசையில் இறந்த விருந்தினரையும், அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டு நின்ற பணியாளரையும் நாம் எத்தனை முறை பெயர் சொல்லி மன்றாட்டில் சேர்த்திருக்கிறோம்? பாரிஸிலும் இத்தகைய மறதி உண்டு. 2016இல் வரலாற்றாசிரியர் தெனி பெஷான்ஸ்கியும் நரம்பு உளவியலாளர் ஃபிரான்சிஸ் யூஸ்டாஷும் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 1000 பேரின் நினைவுகளைப் பத்தாண்டுகளாகப் பதிவுசெய்து வந்துள்ளது. காலம் செல்லச் செல்ல மக்களின் மனதில் பட்டாக்லான் என்ற ஒரு பெயரே எஞ்சி, விளையாட்டரங்கும் கோப்பிக்கடைகளும் மங்கிப்போவதை அவர்கள் கண்டனர். அவ்விடங்களில் உறவுகளை இழந்தோர் இரண்டாம் முறை இழந்தவர்கள்போல் ஆகின்றனர்.

இனி அந்த இரு தந்தையரிடம் வருவோம்.

ஜோர்ஜ் சலீன் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய வைத்தியர். அவருடைய மகள் லோலாவுக்கு அப்போது 28 வயது. சிறுவர் நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் இருந்தவர். சில்லுச் சப்பாத்து அணிந்து விளையாடும் ரோலர் டேர்பி எனும் ஆட்டத்தில் மிகுந்த ஈடுபாடுடையவர். அன்றிரவு பட்டாக்லானுக்குச் சென்ற அவர் திரும்பவில்லை. பின்னர், பலியானோரின் குடும்பத்தினரும் உயிர் தப்பியோரும் இணைந்து அமைத்த சங்கமொன்றின் முதற் தலைவராகச் சலீன் பொறுப்பேற்றார்.

அஸ்தீன் அமிமூர் அல்ஜீரியாவிலிருந்து பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தவர். பாரிஸின் புறநகரான துராந்ஸியில் பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய மகன் சமிக்கும் அப்போது 28 வயது. சிறிது காலம் பாரிஸ் போக்குவரத்துச் சேவையில் பஸ் சாரதியாக இருந்தவன். 2013இல் சிரியாவுக்குச் சென்றான். மேடையில் பொலிஸ் அதிகாரியின் தோட்டாவுக்கு இலக்கானவன் அவனே.

மகன் சென்ற பின்னர் இத்தந்தை வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. 2014ஆம் ஆண்டு, அறுபது வயதைக் கடந்த நிலையில், துருக்கி வழியாகத் தனியே சிரியாவுக்குள் சென்றார். எத்தனை சோதனைச் சாவடிகள், எத்தனை பேரிடம் கெஞ்சல்! இறுதியில் மகனைக் கண்டார். காயமுற்று ஊன்றுகோலுடன் வந்த மகன் அந்நியனைப்போல் நின்றான். தாய் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கையளித்தார். உறைக்குள் தாய் 100 யூரோவும் வைத்திருந்தார். மகன் ஒரு மூலைக்குச் சென்று கடிதத்தை வாசித்தான். பணத்தைத் தந்தையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். தமக்கு அது தேவையில்லை என்றான். தந்தை தனியே ஊர் திரும்பினார்.

ஊதாரி மகனின் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அங்கே தந்தை வாசலில் காத்திருக்கிறார், மகன் தொலைநாட்டிலிருந்து திரும்பி வருகிறான். இங்கே தந்தையே தொலைநாட்டுக்கு நடந்து போகிறார், மகனோ திரும்பி வர மறுக்கிறான். அடுத்த ஆண்டு திரும்பி வந்தான், தந்தையின் வீட்டுக்கன்று. அந்த நூறு யூரோவைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லையைக் கடந்து திரும்பிய அம்மனிதரின் நிலையை, வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டும் போருக்குப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டும் இருக்கின்ற நமது பெற்றோர் ஓரளவு அறிவர்.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமிமூர், சலீனைச் சந்திக்க விரும்புவதாகத் தெரிவித்தார். தாமும் ஒரு பிள்ளையை இழந்தவர் என்ற நிலையிலேயே பேச விரும்பினார். சற்றே எண்ணிப் பாருங்கள். கொல்லப்பட்ட பெண்ணின் தந்தைக்கு, கொன்ற மூவருள் ஒருவனின் தந்தையிடமிருந்து வருகிறது இந்த அழைப்பு. சலீன் தயங்கினார். தயங்காதிருந்தால்தான் வியப்பு. பின்னர் சம்மதித்தார். பஸ்தீல் சதுக்கத்துக்கு அண்மையில் ஒரு கோப்பிக்கடையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர்.

அச்சந்திப்பு ஒன்றோடு நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் சந்தித்தனர். தத்தம் இளமைக் காலம், திருமணம், பிள்ளை வளர்ப்பு, வழிபாடு, நாட்டின் நிலை என எல்லாவற்றையும் பேசினர். அந்த உரையாடல் 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருவர் பெயரையும் தாங்கிய ஒரே நூலாக வெளிவந்தது. இருவரும் சேர்ந்து மண்டபங்களில் மக்கள் முன்னிலையிலும் பேசினர். இழந்தோர் எல்லோரும் இதனை வரவேற்றனர் என்று எண்ணிவிட வேண்டாம். கொன்றவனின் தந்தையை எவ்வாறு பாதிக்கப்பட்டவர் என்பது என மனம் புண்பட்டோர் இருந்திருப்பின் அவர்களது வேதனையும் நியாயமானதே.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கதையைக் கேட்டவுடன் மன்னிப்பின் மகத்துவம் என்று தலைப்பிட்டுவிட நமக்குக் கை துடிக்கும். நமது மறையுரைகளிலும் ஆறுதல் மொழிகளிலும் மன்னிப்பு எனும் சொல் சற்று விரைவாகவே வந்துவிடுகிறது என்பது எனது தாழ்மையான கருத்து. சலீன் அமிமூரை மன்னிக்க வேண்டிய தேவையே இல்லை. மகனைத் தேடிப் போர்முனைக்குச் சென்ற தந்தை செய்த குற்றம் என்ன? சுட்ட மூவரும் அதே இரவில் மடிந்தனர். மன்னிப்பைக் கேட்க அவர்களும் இல்லை, அதனை அளிக்க லோலாவும் இல்லை. மகளுக்குரியதைத் தந்தை எடுத்து வழங்க முடியுமா? ஆகவே அக்கோப்பிக்கடையில் நிகழ்ந்ததற்கு மன்னிப்பு என்ற பெயர் பொருந்தாது. ஒருவர் பேசினார், மற்றவர் கேட்டார். உன் மகனை நீ எப்படி வளர்த்தாய் என்பது, குற்றம் சாட்டும் குரலில் கேட்கப்பட்டிருந்தால் அது முதற் சந்திப்பே இறுதிச் சந்திப்பாகியிருக்கும். உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பும் ஒருவரின் குரலில் கேட்கப்பட்டபடியால் அது மூன்று ஆண்டுகள் நீடித்தது.

மன்னிப்பு பற்றிய கேள்வி வேறோர் இடத்தில் நேரடியாகவே வந்தது. தாக்குதல் குழுவினருள் உயிருடன் பிடிபட்ட ஒரே நபர் சலா அப்தெஸ்லாம். அவருடன் சேர்த்து இருபது பேர்மீதான வழக்கு 2021 செப்டெம்பர் 8ஆம் திகதி பாரிஸின் பழைய நீதிமாளிகையில், இவ்வழக்குக்கெனவே அமைக்கப்பட்ட மன்றத்தில் தொடங்கிப் பத்து மாதங்கள் நடைபெற்றது. உயிர் தப்பியோரும் உறவுகளை இழந்தோரும் வாரக்கணக்கில் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று பேசினர். நீதிமன்றங்கள் வழமையாகக் குற்றவாளியின் பேச்சுக்கே நேரம் ஒதுக்குபவை. இங்கே இறந்தோர் எத்தகையவர், எதை விரும்பியவர், எப்படிச் சிரிப்பவர் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறின. 2022 ஏப்ரலில் அப்தெஸ்லாம் கண்ணீருடன் மன்னிப்புக் கோரினார். சிலர் மனமிளகினர், சிலர் அதனை நடிப்பு என்று ஒதுக்கினர். இரு தரப்பாரையும் நீதிபதி ஒரே மன்றத்தில் அமர விட்டார், எவரையும் எவரும் நிர்ப்பந்திக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 29ஆம் திகதி, விடுதலைக்கு வழியற்ற ஆயுட்தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. பிரெஞ்சுச் சட்டத்தில் அதற்கு மேற்பட்ட தண்டனை இல்லை.

மனைவியை அம்மண்டபத்தில் பறிகொடுத்த அந்துவான் லெரிஸ் எனும் பத்திரிகையாளரைப் பற்றியும் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினேழு மாதக் குழந்தையுடன் தனித்து விடப்பட்ட அவர், கொலையாளிகளுக்குப் பதிலாக வெறுப்பைத் தரப்போவதில்லை என்ற கருத்தில் எழுதிய சிறு மடல் சில நாட்களில் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. அது அவர் தமக்காகவும் தம் மகனுக்காகவும் எடுத்துக்கொண்ட முடிவு. அவரைக் காட்டி, நீயும் அவரைப்போல் இரு என்று இன்னொரு விதவையிடமோ தபுதாரனிடமோ சொல்ல நமக்கு உரிமையில்லை.

உயிர் தப்பியோர் நிலை என்ன? மேல்மாடி நடைவழியில் இரண்டரை மணி நேரம் துப்பாக்கி முனையில் இருந்தோர் முன்பின் அறியாதவர்கள். பின்னர் அவர்களுட் சிலர் நெருங்கிய நண்பராகி, தமக்குப் போத்தாஜ் எனப் பெயர் சூட்டிக்கொண்டனர். தோழர் என்பதற்கும் பணயக் கைதி என்பதற்குமான பிரெஞ்சுச் சொற்களைப் பிணைத்த பெயர் அது. சூப் என்றும் அதற்குப் பொருளுண்டு! அத்தகைய சிரிப்புக்கு எவ்வளவு வலிமை வேண்டும்.

எல்லோருக்கும் அது கிட்டவில்லை. உடலில் ஒரு கீறலுமின்றி அம்மண்டபத்திலிருந்து வெளியே வந்த இருவர், ஒருவர் 2017இலும் மற்றவர் 2024இலும், நினைவுகளின் பாரம் தாங்காது தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர்களையும் அந்த இரவில் பலியானோராகவே பிரான்ஸ் ஏற்றுக்கொண்டுள்ளது. அதனால்தான் 130 என்ற எண்ணிக்கை இன்று 132 ஆகியிருக்கிறது. தற்கொலை என்றவுடன் நமது ஊர்களில் எழும் முணுமுணுப்பை நான் நினைவூட்டத் தேவையில்லை. நெஞ்சில் தங்கிய தோட்டா இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொன்றால் சுட்டவனையே குற்றம் சொல்வோம். மனதில் தங்கியது கொன்றால் மாத்திரம் இறந்தவரை விசாரிக்கிறோம். உங்கள் வீட்டில், போரிலோ சுனாமியிலோ குண்டுவெடிப்பிலோ தப்பி வந்து, இரவில் உறங்காதிருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நம்பிக்கைக் குறைவன்று.

பட்டாக்லான் ஓராண்டு மூடிக்கிடந்து, 2016 நவம்பர் 12ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. ஸ்டிங் எனும் பாடகர் ஒரு நிமிட மௌனத்துடன் கச்சேரியைத் தொடங்கினார். உறவுகளை இழந்தோரும் அங்கே வந்திருந்தனர். அது கொலைக்களம், மூடியே வைத்திருக்க வேண்டும் என்ற கருத்தும் இருந்திருக்கும். எனினும் இறந்தோர் அங்கே சென்றது இசைக்காகவே. இன்றும் அங்கே இசை ஒலிக்கிறது. நடைபாதைகளில் மக்கள் வைத்துச் சென்ற ஆயிரக்கணக்கான கடிதங்களையும் சிறுவர் வரைந்த படங்களையும் பாரிஸ் ஆவணக் காப்பகத்தார் மழையில் நனைந்தவாறே பொறுக்கி எடுத்து, உலர்த்தி, பாதுகாத்து வருகின்றனர்.

தாக்குதலின் பத்தாம் ஆண்டு நிறைவில், 2025 நவம்பர் 13ஆம் திகதி, நகர மண்டபத்தின் பின்புறமுள்ள சான் ஜெர்வே சதுக்கத்தில் நினைவுத் தோட்டம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. தாக்கப்பட்ட இடங்களைக் குறிக்கும் கருங்கற்களில் இறந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பட்டாக்லானுக்கு ஒரு கல், கோப்பிக்கடைகளுக்கு வேறு கற்கள். விளையாட்டரங்கின் வாயிலில் பலியான ஒருவருக்கும் தனிக் கல் உண்டு.

அத்தோட்டம் ஒரு பழமையான கத்தோலிக்க ஆலயத்தின் முகப்புக்கு எதிரே அமைந்திருக்கிறது. சான் ஜெர்வே ஆலயம் எனப்படும் அதற்கும் ஒரு துயர வரலாறு உண்டு. 1918 மார்ச் 29, பெரிய வெள்ளி பிற்பகல். ஆண்டவருடைய பாடுகளின் வழிபாட்டில் மக்கள் கூடியிருந்தனர். நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து ஜெர்மன் படையினர் ஏவிய பீரங்கிக் குண்டு ஆலயத்தின் மீது விழுந்து மேற்கூரை இடிந்தது. ஏறத்தாழ 90 பேர் மடிந்தனர்.

பாரிஸில் வாழும் உறவினரைக் காணச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், நோத்ர் தாம் பேராலயத்தைப் பார்த்துவிட்டுச் சேன் நதியைக் கடந்து வாருங்கள். பத்து நிமிட நடைதான். செபித்துக்கொண்டிருந்தவர்கள் இறந்த இடமும், இசை கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பெயர் பொறித்த கற்களும் அருகருகே இருப்பதைக் காண்பீர்கள். ஆலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். பின் வெளியே வந்து, அக்கற்களில் உள்ள பெயர்களை, உச்சரிக்க முடிந்தவரை, ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஆறாவது கல்லை அடையச் சிறிது நேரம் எடுக்கும்.